சிகரத்தில் இல்லாதவர்கள்

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது தார் எஸ் சலாம் நகரில் பணிபுரிகிறார். சென்ற மாதம் அவரிடமிருந்து ஒரு பயணக் கட்டுரையும் ஒரு புகைப்படமும் வந்தன. கட்டுரையின் தலைப்பு ‘கிளிமஞ்சாரோவை வென்றேன்’. பிழை திருத்தித் தர வேண்டும் என்பது அவர் விண்ணப்பம். ஒற்றுப்பிழைகள் நான்கைந்து இருந்தன, திருத்தினேன். தலைப்பில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அந்த ‘வென்றேன்’ என்னும் சொல்லை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அது குறித்து அவருக்கு எழுதியதைச் சற்றே விரித்து இங்கே வைக்கிறேன்.

நான் அம்மலையை நேரில் கண்டதில்லை. அறிந்ததெல்லாம் படித்தறிந்ததே. ஆகவே ஏறியவரின் துன்பத்தைக் குறைத்து மதிப்பிடும் தகுதி எனக்கில்லை. அதன் உயரம் 5895 மீட்டர். உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். கடைசிக் கட்டத்தில் நள்ளிரவில் கிளம்பி, உறைகுளிரில், காலடியில் சரியும் சரளை மீது ஆறேழு மணிநேரம் ஏறினால்தான் விடியற்பொழுதில் உச்சியை அடையலாம். தலைவலியும் குமட்டலும் தம்மை அழவைத்தன என்று மாணவர் எழுதியிருப்பதில் மிகையில்லை என்றே நம்புகிறேன். என் வினா வேறு. அந்த ஆறு நாட்களும் அவர் உண்ட உணவும், உறங்கிய கூடாரமும், குடித்த நீரும் மேலே எப்படி வந்து சேர்ந்தன?

கட்டுரையில் இதற்கு விடையாக ஒரே ஒரு வரி இருந்தது: போர்ட்டர்கள் காலையில் தேநீர் கொண்டுவந்தார்கள்.

அவர் சென்றது மச்சாமே வழி. அவ்வழியில் பயணி ஒருவருக்குச் சுமைக்காரர் மூன்று நான்கு பேராவது உடன் செல்வது வழக்கம். ஒருவர் சுமக்கும் பொதி 20 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. காலையில் பயணிகள் கிளம்பிய பின் கூடாரங்களைப் பிரித்துக் கட்டி, தலையிலும் தோளிலும் ஏற்றிக்கொண்டு, வழியில் பயணிகளை முந்திச் சென்று, அவர்கள் வந்து சேரும் முன் அடுத்த முகாமில் கூடாரம் அடித்துச் சமையலையும் தொடங்கிவிட வேண்டும். ‘போலே போலே’, மெல்ல மெல்ல என்று பயணியிடம் சொல்லிக்கொண்டே வருவார்கள். அந்த ‘மெல்ல’ அவர்களுக்குக் கிடையாது. உச்சிக்கு முந்தைய முகாமின் பெயர் பராஃபு. சுவாஹிலியில் பனிக்கட்டி என்று பொருள். 4600 மீட்டருக்கு மேலுள்ள அந்த முகாமில் குடிநீர் இல்லை. கீழே கரங்கா பள்ளத்தாக்கிலிருந்து சுமந்து வர வேண்டும். அப்படிச் சுமந்து வந்தவர்களில் பெரும்பாலோர் உச்சிக்குப் போவதில்லை. வழிகாட்டிகள் மட்டுமே உடன் ஏறுகிறார்கள். சுமைக்காரர்கள் முகாமில் காத்திருக்கிறார்கள். மாணவர் அனுப்பிய சிகரப் புகைப்படத்தில் அவர்கள் எவரும் இல்லாததில் வியப்பேதும் இல்லை.

முதல் ஏற்றத்தின் வரலாறும் இதுதான். ஜெர்மானியரான ஹான்ஸ் மேயர் 1887இல் முயன்று பனிச்சுவருக்குக் கீழே திரும்பினார். 1889 அக்டோபரில் ஆஸ்திரியரான லுட்விக் புர்ட்ஷெல்லருடன் உச்சியை அடைந்தார். இம்முறை அவருக்குக் கைகொடுத்தது புர்ட்ஷெல்லரின் பனியேறும் திறன் மட்டுமன்று. வெவ்வேறு உயரங்களில் முகாம் அமைத்து, அடிவாரத்து மராங்குவிலிருந்து சுமைக்காரர்கள் சில நாட்களுக்கொரு முறை உணவு கொண்டுவர ஏற்பாடு செய்திருந்தார். முதல் நாள் தோற்றால் இறங்கி இளைப்பாறி மீண்டும் முயல அதனால்தான் முடிந்தது. ஆயினும் வரலாறு நெடுங்காலம் இரு பெயர்களையே சொல்லிவந்தது. நூற்றாண்டு விழா நடந்த 1989இல்தான் யோஹானி கின்யாலா லாவோ என்னும் சாகா இன முதியவர் அந்தப் பயணத்தின் வழிகாட்டியாகப் பெருமைப்படுத்தப்பட்டார். அவர் உச்சி வரை சென்றாரா, அவருடைய வயதுக் கணக்கு பொருந்துமா என்ற ஐயங்கள் உண்டு. மேயரின் நூலோ உச்சியில் ஆப்பிரிக்கர் எவரையும் காட்டவில்லை. ஐயத்தின் பக்கமே நியாயம் இருக்கலாம். ஆனால், உடன் சென்றவர்களின் பெயர்களை அன்றே ஒழுங்காக எழுதி வைத்திருந்தால் நூறாண்டு கழித்து இந்த ஐயத்துக்கே இடமிருந்திராது.

புனைவிலும் நிலைமை வேறல்ல. ஹெமிங்வேயின் ‘கிளிமஞ்சாரோவின் பனி’ 1936இல் வெளிவந்தது. கால் அழுகிச் சாகக் கிடக்கும் எழுத்தாளன் தான் எழுதாமல் விட்டவற்றை எண்ணி ஏங்கும் கதை. எனக்கு மிகவும் பிடித்த கதை. வகுப்பில் பலமுறை அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அதில் மோலோ என்றொரு பணியாள் வருகிறான். குரல் கொடுத்தால் விஸ்கி கொண்டுவருகிறான். அவன் மனதில் என்ன ஓடிற்று என்று நான் மாணவர்களிடம் ஒருமுறையும் கேட்டதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையின் குற்றச்சாட்டில் எனக்கும் பங்குண்டு.

மலையேற்றமே சுரண்டல், அதை நிறுத்த வேண்டும் என்று சிலர் வாதிடக்கூடும். அது எனக்கு உடன்பாடன்று. மலையடிவாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கூலியே சோறு. கூலி முறையாகக் கிடைக்கிறதா, குளிருக்கேற்ற உடையும் வயிறார உணவும் தரப்படுகின்றனவா என்று பயணத்தை ஏற்பாடு செய்யும் நிறுவனத்திடம் பயணி கேட்டறிவது ஒரு கடமை. எழுதுகிறவனுக்கு மற்றொரு கடமையும் உண்டு. தன்னை மேலே ஏற்றிவிட்டவர்களைத் தன் எழுத்திலும் ஏற்ற வேண்டும்.

‘வென்றேன்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். மேயர் உச்சியில் தம் நாட்டுக் கொடியை நட்டு, அதற்குத் தம் பேரரசர் வில்ஹெல்மின் பெயரைச் சூட்டினார். அங்கிருந்து எடுத்துச்சென்ற கல்லில் ஒரு பாதி பேரரசரின் பொட்ஸ்டாம் அரண்மனைச் சுவரில் பதிக்கப்பட்டது. அவர் வாயில் ‘வென்றேன்’ பொருந்தும். நாடு பிடிக்கும் காலத்தின் சொல் அது. 1961 டிசம்பரில் தாங்கன்யிகா விடுதலை பெற்றபோது அலெக்சாண்டர் நியிரெண்டா என்னும் படை அதிகாரி அதே உச்சியில் புதிய நாட்டின் கொடியையும் ஒரு தீப்பந்தத்தையும் ஏற்றினார். இன்று அந்தச் சிகரத்தின் பெயர் உஹுரு, அதாவது விடுதலை. விடுதலை என்று எழுதிய பலகையின் கீழ் நின்றுகொண்டு வெற்றிகொண்டவனின் சொல்லை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? ‘ஏறினேன்’ போதாதா? ‘ஏற்றிவிட்டார்கள்’ என்பது இன்னும் உண்மையல்லவா?

இதையெல்லாம் எழுதிவிட்டு மாணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். உங்கள் பையைச் சுமந்தவரின் பெயர் என்ன?

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. வழிகாட்டிகள் இருவரின் பெயரும் நினைவிருக்கிறது. சுமைக்காரர்களில் ஒருவர் பெயர்தான் தெரியும். மற்றவர்களின் பெயர்களை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவை கிடைக்கும்வரை கட்டுரையை எங்கும் அனுப்பப் போவதில்லை என்று எழுதியிருந்தார். என்னிடம் படித்தவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது போதும்.