ரப்பர் வெச்சு கணக்கு எழுதாதீங்கப்பா!

"ஜேசன் ஃபைல்ல ஒரு மதிப்பை மாத்துறது எப்படி?"ன்னு தேடிப் பாருங்க. எல்லாரும் அதே நாலு வரியைத்தான் கொடுப்பாங்க. ஃபைலைப் படி, ஜேசன்.பார்ஸ் போடு, மதிப்பை மாத்து, ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை போட்டுத் திரும்ப எழுது. (பிரவுசர்ல ஓடுற ஸ்கிரிப்டால சர்வர்ல இருக்கிற ஃபைலைப் படிக்கத்தான் முடியும், நேரா எழுத முடியாது. அதனால நான் சொல்றது நோட்.ஜேஎஸ் பத்தி.) உதாரணத்துக்கு என்ன கொடுப்பாங்க தெரியுமா? "இருப்பு: 5000". அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

பின்னணி நிறத்தை மாத்த அந்த நாலு வரி தாராளமாப் போதும். பணத்துக்கு? டிபார்ட்மென்ட் டூர் வசூல் இப்படி ஒரு ஃபைல்ல இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒருத்தர் 200 கட்டுறார், அதே நொடியில இன்னொருத்தர் பஸ் அட்வான்ஸ் 300 கழிக்கிறார். ரெண்டு பேருக்கும் படிக்கும்போது கிடைச்சது 5000. 4900 வரணும். யார் கடைசியா எழுதினாரோ அவர் கணக்குதான் நிக்கும்: 5200 இல்ல 4700. எர்ரர் எதுவும் வராது, அதுதான் கொடுமை.

இன்னொண்ணு, நீங்க ஒரு எண்ணை மாத்தினாலும் ரைட்ஃபைல் முழு ஃபைலையும் காலி பண்ணிட்டுத்தான் முதல்லேர்ந்து எழுதும். நடுவுல கரண்ட் போச்சுன்னா பாதி ஃபைல். பாதி ஃபைலை ஜேசன்.பார்ஸ் தொடக்கூடத் தொடாது.

ஜாவாஸ்கிரிப்ட்ல 0.1 + 0.2 போட்டா 0.30000000000000004 வரும். அதனால ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணா வைங்க. அக்கவுண்ட் நம்பரை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. 9007199254740993-ஐ எண்ணா பார்ஸ் பண்ணா கடைசி 3, சத்தமில்லாம 2 ஆயிடும். யாரோ ஒருத்தர் அக்கவுண்ட்டுக்குப் பணம் போகும் :-)

ஆனா என் பெரிய கோபம் வேற. பி.காம். முதல் வருஷத்துலயே நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க? பேரேட்டுல அழிக்கக் கூடாது, தப்புன்னா திருத்தப் பதிவு போடணும்னு. 5000-ஐ 4700-ஆ மாத்தி எழுதினா யாரு, எப்போ, எதுக்குன்னு ஒரு தடயமும் இல்ல. பொருளாளர் மேல சந்தேகம் வந்தா அவரால தன்னை நிரூபிக்கக்கூட முடியாது. இந்தியாவுல கம்பெனிகளோட கணக்கு சாஃப்ட்வேர் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோட பதிஞ்சு வைக்கணும், அதை அணைக்கவே முடியக் கூடாதுன்னு 2023 ஏப்ரல் 1 முதல் விதியே இருக்கு. இதைப் பரீட்சையில எழுதுற அதே ஆளுங்கதான் ராத்திரி உட்கார்ந்து ரைட்ஃபைல் போடுறாங்க!

மாத்தாதீங்க, சேருங்க. வரிக்கு ஒரு ஜேசன்: தேதி, யார், எவ்வளவு பைசா, எதுக்கு. அப்பெண்ட்ஃபைல் போட்டா பழைய வரிகள் அப்படியே இருக்கும், புதுசு கடைசியில ஒட்டும். இருப்பு வேணும்னா எல்லா வரியையும் படிச்சுக் கூட்டிக்கோங்க. டூர் கணக்குல மிஞ்சிப் போனா முந்நூறு வரி இருக்குமா? கண் சிமிட்டுறதுக்குள்ள கூட்டிடும்.