பூமி சொல்லிவிட்டு ஆடாது!



"நிலநடுக்கமா? அதெல்லாம் குஜராத்திலே, ஜப்பானிலே. நம்ம ஊருக்கு வராதுப்பா!" கும்மிடிப்பூண்டி டீக்கடையிலும் சரி, நம் வகுப்பறையிலும் சரி, இந்தப் பேச்சைத்தான் கேட்கிறோம். மகாராஷ்டிராவின் லாத்தூர் மக்களும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தார்கள். ஆபத்து மிகக் குறைவு என்று வரைபடத்தில் குறித்திருந்த பகுதி அது. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்பு பூமி குலுங்கியது. அளவு 6.2தான். ஆனால் மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல் சுவர்கள் தூங்கியவர்கள் மேலேயே சரிந்தன. இறந்தவர்கள் ஏறக்குறைய 10,000 பேர்!

ஏன் இப்படி? இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தம் தட்டின் உட்பகுதிக்கும் வருகிறது. பாறைக்குள் பழைய பிளவு இருந்தால், தாங்கும் வரை தாங்கி, ஒருநாள் சடாரென நழுவுகிறது. லாத்தூரின் பிளவு எரிமலைப் பாறைக்கு அடியில் ஒளிந்திருந்தது.

1967 டிசம்பரில் கொய்னா அணைப் பகுதி அதிர்ந்தது. அங்கே பிளவை அருகிருந்தே ஆராய, நம் விஞ்ஞானிகள் 2017-ல் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு முடித்தார்கள். இத்தனை செய்தும், "இன்ன தேதியில் வரும்" என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் ஆராய்ச்சி எதற்கு? எங்கே எவ்வளவு ஆடும், எப்படிக் கட்டினால் நிற்கும் என்று அறியத்தான்! 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த நிலநடுக்கம் சென்னை வரை உணரப்பட்டது. 2002-ல் திருத்திய இந்தியத் தர விதி சென்னையை 2-ஆம் மண்டலத்திலிருந்து 3-ஆம் மண்டலத்துக்கு உயர்த்தியது.

என் அப்பா கம்பி கட்டும் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தூணில் போடும் ரிங்கின் கொக்கி 135 டிகிரி உள்ளே வளைய வேண்டும் என்கிறது விதி. 90 டிகிரியோடு விட்டால், குலுக்கலில் வெளிக் காங்கிரீட் உதிர்ந்ததும் ரிங் திறந்துகொள்ளும், கம்பி பிதுங்கும், தூண் உட்காரும். இதை அப்பாவிடம் சொன்னேன். "சரிதாம்பா, கூலி டன் கணக்குல தர்றான். ரிங்குக்கு மெனக்கெட்டா அந்த நேரத்துக்கு யாரு குடுப்பா?" என்றார்.

அதில் நியாயம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி உருட்டாலைகளில் நல்ல கம்பி உருவாகிறது. அதை வளைப்பவனுக்கு விதி தெரியாது. தெரிந்தாலும் கூலி கிடையாது. விதிப் புத்தகமோ ஆங்கிலத்தில். தொழிலாளர் தங்கும் வாடகை வீடுகளோ மாடிமேல் மாடியாக எழும்புகின்றன. கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்கள்! 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் அப்படிப்பட்ட கட்டடங்கள் சரிந்ததை மறக்கலாமா?

என் கருத்து இதுதான். கட்டட ஒப்பந்தத்தில் ரிங் வேலைக்குத் தனிக் கூலி எழுத வேண்டும். நம் மாணவர் பேரவை ஆண்டுக்கு ஒருநாள் கொத்தனார், மேஸ்திரி, கம்பி கட்டுவோரைக் கல்லூரிக்கு அழைத்து, தமிழில், செய்முறையாகக் காட்ட வேண்டும். அவர்களிடம் நாம் கற்கவும் நிறைய உண்டு.

பிளவை விஞ்ஞானி தேடட்டும். தூணை நாம் பார்த்துக்கொள்வோம். வருமுன் காப்போம், தோழர்களே!