தாங்கச் சொல்லாதே

‘நம்ம சனத்துக்குத் தாங்குற சக்தி ஜாஸ்தி’ என்று நம்மில் சிலரே பெருமையாகப் பேசுகிறார்கள். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம் தோழர்களே. தாங்குவதற்கு உடம்பு ஒரு விலை கொடுக்கிறது.

பயமோ அவமானமோ வந்தால் உடம்பில் கார்ட்டிசால் சுரக்கிறது. ஆபத்து விலகியதும் அது வடிய வேண்டும். டீக்கடைத் தம்ளரிலும் குடிக்கிற தண்ணீரிலும் ஆபத்து குடியிருந்தால் எப்படி வடியும்? இப்படிச் சேரும் தேய்மானத்துக்கு 1993இல் மெக்யூவன், ஸ்டெல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ‘அலோஸ்டேடிக் சுமை’ என்று பெயர் வைத்தார்கள். வங்கிக் கவுண்டரில் உட்காருகிற எனக்கு அது கட்ட முடியாத கடனுக்கு ஏறும் வட்டியாகத்தான் படுகிறது.

பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளைப் பத்து நாள், தினம் இரண்டு மணி நேரம், அசையவிடாமல் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. பயத்தைக் காக்கும் அமிக்டலாவில் அவை வளர்ந்தன. இது 2002இல் வந்த ஆய்வு. 21 நாள் ஓய்வுக்குப் பிறகும் அமிக்டலாவின் வளர்ச்சி குறையவில்லை, பதற்றமும் போகவில்லை என்றது 2004 ஆய்வு. எலி வேறு, மனிதர் வேறுதான். ஆனாலும் ‘அதான் முடிஞ்சு போச்சே, இன்னும் என்ன?’ என்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

நம் மாவட்டத்து வேங்கைவயலில் எது முடிந்தது? 2022 டிசம்பரில் பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர் முன்னால் இரட்டைத் தம்ளரும் கோயில் நுழைவு மறுப்பும் வெளியே வந்தன. பிறகு சி.பி.சி.ஐ.டி., டி.என்.ஏ. சோதனை, இரண்டு வருஷக் காத்திருப்பு. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அந்த மக்களிலேயே மூன்று பேரைக் குற்றவாளி என்றது. மக்கள் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள்.

அரசுக்குக் காத்திருப்பு என்பது வெறும் தேதி. பாதிக்கப்பட்டவருக்கு அது இன்னொரு காயம். ஒவ்வொரு குடம் தண்ணீர் பிடிக்கும்போதும் மூளை மறுபடி எச்சரிக்கை மணி அடிக்கிறது.

மனநல மருத்துவர் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவனுக்கு மனஉறுதி வகுப்பெடுத்துவிட்டு சாதியைச் சும்மா விடுவது வைத்தியமல்ல, ஏமாற்று. தனி ஆளின் மூளைக்குள் உறுதியைத் தேடாதீர்கள். ‘இது உன் குற்றமில்லை’ என்று சொல்லப் பக்கத்தில் ஒரு கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கூட்டமாக நாம் இருப்போம். நம்மைத் தாங்கச் சொல்கிறவர்களிடம், தாங்க வைப்பதை நிறுத்தச் சொல்வோம்.