பஸ் எங்கே, துரைமார்களே?



தம்பின் வட்டாரத் தோட்டம் ஒன்றின் ஆபீஸ் சுவரில் சென்ற மாதம் ஒரு பச்சைக் காகிதம் ஏறியது. தோட்டத்தின் பெயர் எதற்கு? அதை ஒட்டியவன் நான்தான். கிராணியின் வேலை அது. ஊழியர்கள் இனி நடந்தோ, சைக்கிளிலோ, பஸ்ஸிலோ, நாலு பேர் சேர்ந்து ஒரே காடியிலோ வேலைக்கு வந்து பூமியைக் காக்க வேண்டுமாம். பசை தடவும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸிலா? எந்தப் பஸ்ஸில்?

பெரட்டு விடியற்காலை ஐந்தரைக்கு. பால் வெட்டுகிறவர்களில் பலர் இன்று லயத்தில் இல்லை. கித்தா மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது; லயங்கள் காலியாயின; குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்தன. அங்கிருந்து தினமும் பழைய தோட்டத்துக்கே திரும்பி வருகிறார்கள். அந்த இருட்டு நேரத்தில் எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் எந்தக் கம்பெனி பஸ் நுழைந்தது? ஒன்றும் இல்லை. ஆகவே ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள்.

நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் நமக்கா பாடம்? காண்டாவாளி சுமந்து நிரை நிரையாய் நடந்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நாம். என்னைத் தமிழ்ப்பள்ளிக்குச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து மிதித்தவர் என் தகப்பனார். அப்போது யாரும் அவருக்குப் பச்சைக் காகிதம் கொடுத்துப் பாராட்டவில்லை.

ஆனாலும் காகிதம் சொல்வது பொய்யல்ல. புகை கூடாது, செலவு கூடாது, ஒரே சாலையில் நாற்பது மோட்டார் ஓடுவதைவிட ஒரு பஸ் ஓடுவது மேல். இதை மறுப்பவன் மூடன். சொன்னவர் தம் பங்கைச் செய்யவில்லை என்பதுதான் நம் வழக்கு.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மழை விட்ட ஒரு விடியலில், எங்கள் பிரிவுப் பெண் ஒருத்தி புருஷனின் மோட்டாரில் பின்னால் அமர்ந்து வந்தாள். தம்பின்–கிம்மாஸ் சாலையில் ஒரு லாரி மோதியது. இடது கால் போயிற்று. பெரட்டில் அவளைக் காணாமல், செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று குறித்த கை இந்தக் கை. பத்து மணிக்குத்தான் சேதி வந்தது. நேர் வழியில் வந்ததால் சொக்சோ பணம் கிடைத்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் நேரும் விபத்து வேலை விபத்தே. ஆனால் அந்தப் பயணத்தை இடையில் நிறுத்தினாலோ, வேறு வழி திரும்பினாலோ அந்தப் பாதுகாப்பு இல்லை. பிள்ளையை ஆயா வீட்டில் விடத் திரும்புகிற தாய்மார் எத்தனை பேர்! அவர்கள் இதை அறிந்திருக்கிறார்களா? இந்த நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பச்சைக் காகிதத்தில் இது ஒரு வரிகூட இல்லை.

கணக்குக்கு வருவோம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. எனக்குத் தெரிந்த பால்வெட்டுத் தோழர் ஒருவருக்கு மோட்டார் தவணை, பெட்ரோல், டயர் எல்லாம் சேர்த்து மாதம் 300 வெள்ளி போகிறது. ஆறில் ஒரு பங்குக்கு மேல்! கோலாலம்பூரில் ஒரு குடிமகன் 50 வெள்ளிக்கு மாத அட்டை வாங்கினால் ராப்பிட் ரயிலிலும் பஸ்ஸிலும் எத்தனை முறையும் ஏறலாம். பட்டணத்தான் பூமியைக் காக்க அரசாங்கம் பணம் போடுகிறது. தோட்டத்தான் காக்க வேண்டுமானால் அவன் சொந்தக் காசிலா?

நமக்கு ரயில் இல்லையா என்பீர்கள். உண்டு. ஸ்டேசன் மலாக்கா எல்லைக்குள் புலாவ் செபாங்கில் இருந்தாலும் நமக்கு அது தம்பின் ஸ்டேசன்தான். அங்கிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப் பாதை இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போனார்கள். தண்டவாளம் போன திசையிலேயே தோட்டத்துத் தமிழனையும் கொண்டு போனார்கள். 1945-இல் யுத்தம் முடிந்தது. திரும்பாதவர்கள் ஆயிரமாயிரம். அந்தப் பாதையும் திரும்பவில்லை. இன்றும் மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் சாலையைத்தான் நம்ப வேண்டும்.

எஞ்சிய பெரிய பாதை இரட்டைத் தடமாகி மின்சார ரயில் ஓடுகிறது. கொம்யூட்டர், சிரம்பான், கோலாலம்பூர் தாண்டிப் பத்துமலை வரை ஒரே தடத்தில் போகிறது. தைப்பூசத்துக்கு இதைவிட வசதி வேறென்ன? ஆனால் தோட்டத்திலிருந்து ஸ்டேசன் போக மறுபடி மோட்டார்தான்.

பஸ் விட்டால் டீசல் செலவு என்பார்கள் துரைமார். 2024 ஜூன் 10-இல் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது உண்மை. அன்றைக்கு மானேஜரின் பெரிய வண்டி ஷெட்டுக்குள் போய்விட்டதா? போகவில்லை. ஆபீசுக்கும் பங்களாவுக்கும் நடுவே உள்ள கால் கட்டைத் தூரத்தைக்கூட அது நடந்து கடக்கவில்லை.

நம் பக்கத்தையும் பார்ப்போம். பத்திரிகை நம்முடையது, கூச்சம் எதற்கு? கிராணிமார் நால்வர் ஒரே தாமானில் இருந்து நான்கு காடியில் வருகிறோம். நானும் ஒருவன். அடுத்தவன் காடியில் ஏறினால் கௌரவம் குறையுமாம்! அரைக் கட்டைத் தூரத்துக் கடையில் ரொட்டி வாங்கவும் இளைஞர்கள் மோட்டாரை உதைக்கிறார்கள். இதற்குத் துரை காரணமல்ல.

கூடிப் போவதும் ஒரு சங்க வேலைதான். 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், பஸ்ஸில் நிறபேதம் காட்டியதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பஸ் ஏற மறுத்தார்கள். 381 நாள்! வீட்டு வேலைக்காரிகள் கால் கடுக்க நடந்தார்கள். காடி உள்ளவர்கள் இடம் குறித்து, நேரம் குறித்து மற்றவர்களை ஏற்றிச் சென்றார்கள். வென்றார்கள். “மறுப்பதற்கு அவர்களுக்குப் பஸ்ஸாவது இருந்தது” என்றார் கெமெஞ்சே தோழர் ஒருவர். சரியான பேச்சு!

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது இதுதான். பட்டணத்திலிருந்து பெரட்டு நேரத்துக்கு ஒரு பஸ். பால் நிறுத்து முடிந்ததும் திரும்ப ஒரு பஸ். சனிக்கிழமை அது ஸ்டேசன் வரை போகட்டும். தூரத்துப் பிரிவுக்கு வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றுவது நிற்க வேண்டும். அவர்களும் அதே பஸ்ஸில் உட்கார்ந்து போகட்டும். சைக்கிளுக்குக் கூரையும் பூட்டும், சாலை வளைவுகளில் விளக்கும் வேண்டும். வாய்மொழி வேண்டாம், ஒப்பந்தத்தில் ஏறட்டும்.

இம்மாதக் கிளைக் கூட்டத்தில் ஒரு தாள் வைக்கப்படும். எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எதில் வருகிறீர்கள் என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள். எழுத வராதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். அந்தத் தாளோடுதான் துரையைப் பார்க்கப் போகிறோம். கிராணிமார் நால்வரும் அடுத்த திங்கள் முதல் ஒரே காடியில் வருவதாக முடிவு செய்துவிட்டோம். முதல் வாரம் என் காடி.