முக்காடு: தீர்மானிப்பவர் யார்?

ஒரு பெண் தலையை மூடுவதா, விடுவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? ஈரான் நாட்டின் வரலாறு இதற்குத் தெளிவான பாடமொன்றைத் தருகின்றது.

1936 ஜனவரியில், நாட்டை நவீனமாக்குவதாகக் கூறி ரேஸா ஷா மன்னர் முக்காட்டைத் தடைசெய்தார். பொலிஸார் தெருவில் வைத்தே பெண்களின் முக்காட்டைப் பறித்தனர். வெறுந்தலையுடன் வெளியே வர வெட்கப்பட்ட பலர் வீட்டுக்குள் முடங்கினர். பொதுக் குளியலகத்துக்குப் போவதுகூட அவர்களுக்குப் பெரும்பாடாயிற்று. 1941இல் மன்னர் பதவியிழந்த பின்னரே அக்கெடுபிடி தளர்ந்தது.

1979ஆம் ஆண்டுப் புரட்சியில் பெண்களும் பெருமளவில் பங்குகொண்டனர். ஆயினும், அரச அலுவலகங்களில் பெண்கள் தலையை மூடவேண்டும் என ஆயத்துல்லா கொமெய்னி அறிவித்தார். மறுநாளே, மார்ச் 8ஆம் திகதி, ஆயிரக்கணக்கான பெண்கள் தெஹ்ரான் வீதிகளில் இறங்கினர். மன்னரை எதிர்த்துப் போராடியவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களின் குரல் எடுபடவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டம் முக்காடின்றி வரும் பெண்ணுக்கு 74 கசையடி வரை விதித்தது.

2022 செப்ரெம்பரில் மஹ்ஸா அமினி என்ற 22 வயதுக் குர்திய யுவதி, உடை தொடர்பாகத் தெஹ்ரானில் பொலிஸாரால் பிடிக்கப்பட்டு மூன்றாம் நாள் உயிரிழந்தார். முன்பிருந்த நோயே காரணம் என்றது அரசு. குடும்பத்தினர் அதனை மறுத்தனர். தடுப்புக்காவலில் நிகழ்ந்த வன்முறையே மரணத்துக்கு இட்டுச்சென்றது என ஐ.நா. உண்மை அறியும் குழு 2024 மார்ச்சில் அறிவித்தது. தொடர்ந்த போராட்டங்களில் 551 பேர் வரை கொல்லப்பட்டதாகவும் அவர்களுள் 68 பேராவது சிறுவர் எனவும் அக்குழு கூறியது.

மன்னராட்சியும் மதவாட்சியும் ஒன்றுக்கொன்று பகையானவை. ஆயினும் இரண்டும் ஒரே காரியத்தையே செய்தன: பெண்ணின் தலையைத் தம் ஆட்சியின் கொடிக்கம்பமாக்கின.

"இது உள்நாட்டு விவகாரம், வெளியாருக்கு என்ன வேலை?" எனச் சிலர் கேட்கலாம். மத சுதந்திரத்தையும் கருத்துச் சுதந்திரத்தையும் உறுதிசெய்யும் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை ஈரான் 1975இலேயே ஏற்றுக்கொண்டது. ஒப்புக்கொண்ட கடமையைப் பற்றிக் கேட்பது தலையீடு ஆகாது.

ஆனால் கேட்பவருக்கும் நேர்மை வேண்டும். முகத்தை மூடும் உடைக்கு எதிரான பிரான்சின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட இரு பெண்களின் உரிமை மீறப்பட்டதாக, 2018இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு தீர்ப்பளித்தது. ஓரிடத்தில் திணிப்பைக் கண்டித்து, மற்றோரிடத்தில் தடையைக் கைதட்டி வரவேற்பது அக்கறை அல்ல. பெண்ணுரிமையைக் காட்டி யுத்தத்துக்கு நியாயம் தேடுவதோ அதனிலும் கொடியது. குண்டு விழும் வீட்டில் பெண்களும்தானே இருக்கின்றார்கள்?

உண்மையைப் பதிவுசெய்வதும், சிறைப்பட்டவரை மறவாதிருப்பதும், அந்நாட்டுப் பெண்களின் சொல்லுக்குச் செவிகொடுப்பதுமே வெளியார் செய்யத்தக்க உதவி. நர்கிஸ் முகமதிக்கு 2023இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சிறையில் இருந்தார். வழிகாட்டுபவர்கள் உள்ளேதான் இருக்கின்றார்கள்.

முக்காட்டை விரும்பி அணியும் தாயையும் அணிய மறுக்கும் மகளையும் காப்பது ஒரே உரிமைதான். ஒருத்தியிடமிருந்து அதனைப் பறித்தால் மற்றவளுக்கும் அது நிலைக்காது.