அரோகரா சத்தத்தில் ஒரு குரல்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி. 2668 அடி மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் திருவண்ணாமலை முழுக்க ஒரே அரோகரா. அந்த நேரம் பிள்ளையைத் தொலைத்த அம்மா ஒருத்தி செல்போனில் 112-ஐக் கூப்பிட்டால், எதிர்முனையில் என்ன கேட்கும்?

"அதான் போன்லயே நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. பல போன்களில் இரண்டு மைக். வாய்க்குப் பக்கத்து மைக்கில் பேச்சு பலமாக விழும், மற்றதில் குறையும். தூரத்துச் சத்தமோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்த வித்தியாசத்தை வைத்துக் கழிக்கலாம். ஜெனரேட்டர் உறுமல் மாதிரி மாறாத இரைச்சல் என்றால் ஒரு மைக்கே போதும். ஸ்டீவன் போல் 1979-லேயே வழி சொல்லிவிட்டார்.

ஆனால் கூட்டத்தின் சத்தமும் மனிதக் குரல்தானே! அதே அலைவரிசை. காலின் செரி 1953-ல் இதைக் 'காக்டெய்ல் பார்ட்டி' சிக்கல் என்றார். (திருவிழாச் சிக்கல் என்று வைத்திருக்கலாம், பாவம் அவர் கிரிவலம் வந்ததில்லை போல :-)) இன்றைய நியூரல் நெட்வொர்க்குகள் குரல்களைப் பிரிக்கின்றன, உண்மை. எந்தக் குரல் வேண்டும் என்பதை யார் சொல்வது? சுத்தம் செய்கிறேன் என்று பிள்ளையின் சட்டை நிறத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டால்?

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கடைக்குக் கடை ஸ்பீக்கர். மென்பொருளுக்குச் செலவழிக்கும் முன், காவல் உதவி மையங்களைச் சுற்றியாவது அவற்றை நிறுத்தச் சொல்லலாம். பக்திப் பாட்டு நூறடி தள்ளிக் கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.