ரோந்து செல்லும் ஸ்திரீகள்

பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தில், களிமண்ணை அச்சில் வார்த்துப் பொம்மையும் அகல்விளக்கும் செய்யும் வேலையில் ஸ்திரீகள் பலர் ஈடுபட்டிருக்கின்றனர். பொழுது சாய்ந்தபின் இவர்கள் வீடு திரும்பும் வழிக்குக் காவல் யார்? அவ்வூரில் மகளிர் போலீஸ் நிலையம் இருக்கின்றது; மகிழ்ச்சியே. ஆயினும் குடும்பத் தகராறுகளை விசாரிப்பதோடு பெண் போலீஸாரின் கடமை முடிந்துவிடலாகாது. தெருவிலும் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் அவர்கள் ரோந்து வர வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இது புதிய விபரீதமன்று. இங்கிலாந்தில் கிரந்தாம் நகரத்து வீதிகளில் எடித் ஸ்மித் என்னும் மாது, கைது செய்யும் முழு அதிகாரத்துடன் 1915-லேயே ரோந்து சென்றார். நம் தேசத்தில் திருவாங்கூர் சமஸ்தானம் 1933-ல் ஸ்திரீகளைப் போலீஸில் சேர்த்தது. தமிழ்நாட்டிலோ 1973-ல்தான், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஹெட் கான்ஸ்டபிள், 20 கான்ஸ்டபிள்கள் ஆக 22 ஸ்திரீகளுடன் மகளிர் படை தோன்றியது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் போலீஸ் நிலையம் திறக்கப்பட்டது. 1976-ல் ஐ.பி.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்த லத்திகா சரண், 2010-ல் மாகாணப் போலீஸ் முழுமைக்கும் தலைமை வகித்தார். ஸ்திரீகளுக்குத் தைரியம் போதாது என்போர் இதற்கு மேல் என்ன அத்தாட்சி கேட்கிறார்கள்?

"அவர்கள் வீடு என்னாவது?" என்று சில அன்பர்கள் வினவுகின்றனர். கேள்வி நியாயமானது, ஆனால் அதைக் கேட்க வேண்டியது அந்த ஸ்திரீகளிடமன்று, சர்க்காரிடம். இரவெல்லாம் பாராவில் நின்ற தாய், விடிந்ததும் அடுப்பையும் குழந்தையையும் தனியே கவனிக்க வேண்டியிருந்தால், குறை அவளுடையதாகுமா? பிரசவ விடுப்பு 2021-ல் 12 மாதமாக்கப்பட்டது. மகளிர் போலீஸாரின் காலை அணிவகுப்பு ஏழு மணிக்குப் பதில் எட்டு மணி என்று 2023-ல் அறிவிக்கப்பட்டது. பிரசவ விடுப்பு முடிந்து திரும்புவோருக்கு மூன்றாண்டுகள் பெற்றோர் அல்லது கணவர் ஊருக்கருகில் வேலை அளிப்பதாக 2024-ல் வாக்களிக்கப்பட்டது. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் அறிவிப்பு வேறு, அநுபவம் வேறு. தலைநகரில் இட்ட உத்தரவு, தாலுகா நிலையத்துக் கான்ஸ்டபிளின் வீட்டு வாசல்வரை வந்து சேர வேண்டும். குழந்தைகள் காப்பகம், ஓய்வறை, முறையான வார விடுமுறை ஆகியவை தயவாக அல்லாமல் உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

சூளையின் தீ பாண்டத்தை உறுதியாக்கும். அளவு மிஞ்சினால் விரிசல் காணும். விருத்தாசலத்தாருக்கு இதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

முதலில் காக்கி அணிந்த ஸ்திரீகள் ஊராரின் ஏளனத்தையும் உறவினரின் முணுமுணுப்பையும் பொறுத்து வழி திறந்தனர். அவர்கள் தம் பெண்மக்களுக்கு விட்டுச்செல்லும் பிதிரார்ஜிதம் அந்தத் துணிவாக இருக்கட்டும், அந்தத் துன்பமாக இருக்க வேண்டாம். தாய் அணிந்த உடையை மகள் மனமுவந்து அணியும் நாளில்தான் 1973-ல் தொடங்கிய காரியம் பூர்த்தியானதாகக் கொள்வோம்.